எந்த வரியில் தப்பு

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திய டீச்சரைப் பிள்ளைகள் காம்பஸ் டீச்சர் என்பார்கள். கரும்பலகையில் வட்டம் போட அவருக்குக் காம்பஸ் வேண்டாம். தோளிலிருந்து கையை ஒரே வீச்சில் சுழற்றுவார். சாக்பீஸ் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கும். அதைப் பார்ப்பதற்காகவே கடைசி பெஞ்சுக்காரர்கள் அவர் வகுப்பில் தூங்காமல் இருந்தார்கள்.

நான் அந்தப் பள்ளியின் அலுவலக எழுத்தர். என் அறையும் எட்டாம் வகுப்பும் முன்பு ஒரே கூடமாக இருந்தவை. நடுவில் ஒட்டுப்பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருத்தி பென்சில் சீவினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். வருகைப் பட்டியல் டைப் அடித்துக்கொண்டே அவர் நடத்திய கணக்கு முழுவதையும் கேட்டிருக்கிறேன். நான் படித்த காலத்தில் பை என்றால் மூன்று புள்ளி ஒன்று நான்கு, கேள்வி கேட்டால் முட்டி போட வேண்டும், அவ்வளவுதான். இவர் பிள்ளைகளை வீட்டிலிருந்து மூடி, தட்டு, வாளி, வளையல் என்று வட்டமாக எது இருந்தாலும் கொண்டுவரச் சொன்னார். நூலால் சுற்றளவை எடுத்து, அந்த நூலை விட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று தடவை போய், கொஞ்சம் மிச்சம். எதை அளந்தாலும் மூன்று தடவை, கொஞ்சம் மிச்சம். நாற்பது வயதைத் தாண்டிய நான், என் மேஜையில் இருந்த பசை டப்பாவை நூலால் அளந்து பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டுத்தான்.

நோட்டுத் திருத்தும்போது அவர் தப்புக்குக் குறுக்குக் கோடு போட மாட்டார். தப்பு எந்த வரியில் தொடங்கியதோ அந்த வரிக்கு மட்டும் சிவப்பில் ஒரு சின்ன வட்டம். "விடை தப்புன்னு சொல்றது யாருக்கும் பிரயோஜனம் இல்ல. எந்த வரியில தப்புன்னு சொல்லணும்" என்பார். வட்டம் போட்ட வரியிலிருந்து பிள்ளைகள் மறுபடி போட்டுக்கொண்டு வர வேண்டும்.

அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கடைசல் பட்டறையில் வேலை பார்த்த அவர் கணவருக்கு இரும்புத் துகள் தெறித்து ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றிலும் மங்கல்தான். ஐந்து வருஷமாக வீட்டில் இருந்தார். டீச்சருக்கு எங்கள் பள்ளியில் ஒன்பது வருஷம், ஒன்பதும் ஒப்பந்தம். கல்வியாண்டு முடியும்போது ஒரு கடிதம் வரும், 'மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது' என்று. அந்தக் கடிதத்தை அடிப்பது நான். அதைக் கையில் வாங்கும் வரைக்கும் அந்த மாதம் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வருஷம் ஒரு பணியிடம் நிரந்தரமாக்கப்படும் என்று பேச்சு அடிபட்டது. கணக்குக்குத்தான் என்றும் சொன்னார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாய் ஓயாததால் ஆசிரியர்கள் அவளுக்கு மைனா என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பா கொத்தனார். கன உருவங்கள் பாடம் தொடங்கிய அன்று டீச்சர் காகிதத்தைச் சுருட்டி உருளை செய்தார், சோப்புக் கட்டியைச் சீவிக் கூம்பு செய்தார். பரப்பளவு எது, கொள்ளளவு எது என்று பாதி வகுப்புக்குக் குழப்பம். மைனா எழுந்தாள்.

"பூச்சு வேலைக்குப் பரப்பு டீச்சர். உள்ள ரொப்பறதுக்குக் கொள்ளளவு. எங்கப்பா அப்படித்தான் சிமெண்ட் கேப்பாரு."

"இதவிட நல்லா நான் சொல்ல முடியாது, உட்காரு" என்றார் டீச்சர். வகுப்பு சிரித்தது.

இனி தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட முற்றத்தில் என் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு புதுத் தண்ணீர்த் தொட்டி, உருளை வடிவில், போன வருஷம்தான் கட்டினார்கள். 'கொள்ளளவு 10,000 லிட்டர்' என்று கல்லில் வெட்டிப் பதித்திருந்தது. கட்டிய ஒப்பந்தக்காரர் நிர்வாகக் குழுத் தலைவரின் மைத்துனர். காலையில் தொட்டியை நிரப்புவார்கள். மதியம் ஒரு மணிக்குக் குழாயில் காற்றுதான் வரும். நானூறு பிள்ளைகள். பெரிய பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள், மதியத்துக்கு மேல் கழிவறைக்குப் போக முடியாது என்பதால். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதற்குத் தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் கொடுத்த விளக்கம்: "பத்தாயிரம் லிட்டர் அரை நாள்ல தீருதுன்னா நீங்க எவ்வளவு வீணாக்கறீங்கன்னு பாருங்க." குழாயை மூடாமல் போனதாக எட்டாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேரை ஒரு பாடவேளை முழுக்க வெயிலில் நிற்க வைத்தார். அதில் மைனாவும் ஒருத்தி. மூடினேன் என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

இதை மனதில் வைத்துத்தான் காம்பஸ் டீச்சர் பிள்ளைகளைத் தொட்டிக்கு அழைத்துப் போனாரா என்று பிறகு பலர் கேட்டார்கள். நான் அறிந்தவரை இல்லை. முற்றத்தில் ஓர் உருளை நின்றது, பாடம் உருளை, அவ்வளவே. விடை கல்லிலேயே எழுதியிருப்பதால் சரிபார்ப்பதும் சுலபம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் கயிற்றைத் தொட்டியைச் சுற்றிப் பிடித்தார்கள். ஐந்து மீட்டர் அறுபத்தைந்து. கம்பை நிறுத்தி உயரம் பார்த்தார்கள். இரண்டரை மீட்டர். தரையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். விட்டம் ஒன்று புள்ளி எட்டு, ஆரம் தொண்ணூறு சென்டிமீட்டர். விடை ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பத்தெட்டு லிட்டர்.

"தப்பா வருது டீச்சர்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

டீச்சர் ஒருத்தியின் நோட்டை வாங்கிப் பார்த்தார். இன்னொருத்தியின் நோட்டையும் பார்த்தார். எதிலும் அவரால் சிவப்பு வட்டம் போட முடியவில்லை.

"இது வெளி அளவுதானே டீச்சர்" என்றாள் மைனா. "சுவரோட கனத்தைக் கழிக்கணும். பத்து சென்டிமீட்டர். எங்கப்பாதான் கட்டுனாரு, எனக்குத் தெரியும்."

கழித்தார்கள். ஆரம் எண்பது ஆயிற்று. விடை ஐயாயிரத்து இருபத்து நான்கு.

கல்லில் எழுதியிருந்ததில் சரிபாதி. வெயிலில் நின்ற ஆறு பேரில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நாங்க தண்ணிய வீணாக்கலயா டீச்சர்?"

டீச்சர் என் ஜன்னலைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தை சாயங்காலத்துக்குள் நாற்பது வீடுகளுக்குப் போய்விட்டது.

மறுநாள் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டார். கோப்புகளைக் கொடுக்கப் போன என்னை அங்கேயே நிற்கச் சொன்னார். சாட்சிக்கு என்று நினைக்கிறேன்.

"நீங்க பாடம் நடத்துனீங்களா, விசாரணை நடத்துனீங்களா?"

"பாடம்தான் மேடம். உருளையோட கொள்ளளவு."

"புத்தகத்துல உருளை இல்லயா?"

"இருக்கு மேடம். பிள்ளைங்க தொட்டுப் பார்த்து அளந்தா மனசுல நிக்கும்னு..."

"நல்லா நிக்குது. பெத்தவங்க கேட்டுக்குள்ள வந்து நிக்கறாங்க. தலைவர் ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணிட்டாரு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அளந்ததுல தப்பு ஆயிடுச்சுன்னு வகுப்புல சொல்லிடுங்க. பிள்ளைங்க அளந்தது, தப்பு வராதா என்ன? நிரந்தரப் பட்டியல் இந்த மாசம் போகுது. உங்க பேர எழுதி வச்சிருக்கேன். பென்சில்ல."

நான் கோப்புகளை மேஜையில் வைத்துவிட்டு, வைத்ததையே மறுபடி அடுக்கினேன். தொட்டி கட்டி முடித்ததும் 'கொள்ளளவு பத்தாயிரம்' என்று சான்றிதழ் அடித்தவள் நான்தான். சொன்னதை அடித்தேன். எழுத்துப் பிழை ஒன்று இல்லை.

அன்று மதியம் மைனாவின் அப்பா வந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். செருப்பில் சிமெண்ட் காய்ந்திருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அழுக்காகும் என்று உட்காரவில்லை.

"என் பொண்ணு சொன்னது தப்புன்னு எழுதிக் குடுங்கம்மா, நான் கையெழுத்துப் போடறேன்."

"சுவர் பத்து சென்டிமீட்டர்தானேண்ணே?"

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நான் கட்டுன சுவர் எனக்குத் தெரியாதாம்மா. ஒப்பந்தக்காரர்கிட்டதான் பன்னெண்டு வருஷமா வேலை. இதுக்கு மேல கேக்காதீங்க."

'என் மகள் அறியாமையால் தவறான அளவைக் கூறிவிட்டாள்' என்று அடித்தேன். அறியாமை என்றால் என்னவென்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் இரண்டு நாள் அந்தப் பாடத்தைத் தொடாமல் வேறு கணக்குகளை நடத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை என் அறைக்கு வந்து, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

"வீட்டுல என்ன சொல்றாரு?" என்றேன்.

"ஒரு வரிதானே, சொல்லிட்டு வந்துடுன்னாரு. சொல்லிட்டு அவரே அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு அக்கா."

"நான் என்ன சொல்லட்டும் டீச்சர்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பலகைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பீங்க. கேக்காத மாதிரி இருங்க, போதும்."

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் வருகைப் பதிவு முடிந்தது. பிறகு டீச்சரின் குரல் கேட்டது.

"போன வாரம் நாம தொட்டிய அளந்தோம்ல, அந்தக் கணக்குல தப்பு இருக்கு. எல்லாரும் அதை அடிச்சிடுங்க."

நோட்டுகள் புரளும் சத்தம். பிறகு மைனா.

"எந்த வரியில டீச்சர்?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. வருஷம் முழுக்க அந்த வகுப்பில் கேட்டுப் பழகிய கேள்வி. வட்டம் போட்டுக் காட்டினால் அந்த வரியிலிருந்து திருத்திக்கொள்ளலாம் என்று பென்சிலோடு காத்திருந்திருப்பாள்.

டீச்சர் சொன்னார்: "கயிறு. கயித்த இழுத்துப் பிடிக்கல. தொளதொளன்னு இருந்தது."

"இழுத்துப் பிடிச்சா சுற்றளவு இன்னும் குறையுமே டீச்சர். அப்ப தண்ணி இன்னும் கம்மியால்ல வரும்?"

எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. பொய் சொல்லக்கூட அவர் கணக்கை விட்டு வெளியே போகவில்லை, பாவம். கணக்கு அவரைக் கைவிட்டுவிட்டது.

"உட்காரு."

"இல்ல டீச்சர், சுற்றளவு குறைஞ்சா ஆரமும்..."

"உட்காருன்னு சொன்னேன்."

ஒன்பது வருஷத்தில் அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. பெஞ்சு கிறீச்சிட்டது. பிறகு அந்தப் பாடவேளை முழுக்க அவர் மட்டும் பேசினார். மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை, தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது குறித்துக் கால் மணி நேரம் பேசினார்.

மைனா அதற்குப் பிறகு வகுப்பில் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், தெரியாது என்பாள், உட்கார்ந்துவிடுவாள். மற்ற ஆசிரியர்கள், பெண் இப்போதுதான் அடங்கியிருக்கிறாள் என்று மகிழ்ந்தார்கள்.

ஆண்டுத் தேர்வு வந்தது. விடைத்தாள் கட்டை எண்ணி வாங்க டீச்சர் என் அறைக்கு வந்தார். வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். ஒரு தாளில் கை நின்றுவிட்டது. வெகுநேரம் பார்த்துவிட்டு அதை என் பக்கம் தள்ளினார். ஆரம் ஏழு, உயரம் பத்து, உருளையின் கொள்ளளவு என்ன என்ற கேள்வி. மைனா ஒவ்வொரு வரியாகச் சுத்தமாகப் போட்டிருந்தாள். ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது கன சென்டிமீட்டர். அதன் கீழே பொடி எழுத்தில், 'இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் சொல்வதை எழுதிக்கொள்கிறேன்.'

டீச்சர் ஐந்துக்கு ஐந்து போட்டார். மிச்சத் தாள்களை அன்று திருத்தவில்லை.

பள்ளியின் கடைசி நாள் அவர் கணக்குப் பாடவேளை இல்லாதபோதே எட்டாம் வகுப்புக்குப் போனார். ஓவிய ஆசிரியரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டார். சாக்பீஸ் பலகையில் படும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு சொன்னார்: "ஐயாயிரத்து இருபத்து நாலு. எல்லாரும் நல்லா பாத்துக்கங்க. கணக்குல எந்த வரியிலயும் தப்பு இல்ல. நான் சொன்னதுதான் தப்பு. பயத்துல சொன்னேன்."

ஒரு பிள்ளை சொன்னாள்: "மைனா வரல டீச்சர்."

"எங்கயாவது பாத்தா சொல்லு."

"அவங்க வீட்ட காலி பண்ணிட்டாங்க டீச்சர். அவங்கப்பாவ வேலைய விட்டு நிறுத்திட்டாங்கல்ல, பத்து நாள் ஆச்சே."

எழுதிக் கொடுத்தும் நிறுத்திவிட்டார்கள். எனக்கும் அது அப்போதுதான் தெரியும். எங்கே போனார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. மைனாவின் மாற்றுச் சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்கு யாருமே வரவில்லை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வேறு பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். நான் அதை அடித்து, கையெழுத்து வாங்கி, ஆறு வருஷம் இழுப்பறையில் வைத்திருந்தேன்.

நிரந்தரப் பட்டியலில் டீச்சர் பெயர் இல்லை. அந்தக் கடைசி நாள் பேச்சு காரணமில்லை, பட்டியல் அதற்கு மூன்று வாரம் முன்பே போய்விட்டது. தலைவருக்கு வேண்டிய ஒருவரின் மகளை எடுத்துக்கொண்டார்கள். நீட்டிப்புக் கடிதமும் வரவில்லை. 'தங்கள் சேவை இவ்வாண்டுடன் நிறைவடைகிறது' என்று இரண்டு வரி. அதை அடித்து, மடித்து, உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். பிரித்துப் படித்துவிட்டு, "பென்சில்ல எழுதினதுன்னு அவங்க அப்பவே சொன்னாங்க அக்கா. நான்தான் சரியா காதுல வாங்கல" என்றார். மேஜையில் இருந்த அவருடைய சிவப்புப் பேனாக்களை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் தண்ணீர்ப் பற்றாக்குறையைப் போக்க இரண்டாவது தொட்டி கட்டினார்கள். அதே ஒப்பந்தக்காரர். அதன் சான்றிதழையும் நான்தான் அடித்தேன்.

டீச்சரை நான் மறுபடி பார்த்தது சில வருஷம் கழித்து, அக்கா மகளைத் தனிப்பயிற்சி நிலையத்தில் சேர்க்கப் போனபோது. மாடியில் நான்கு அறைகள், அறைக்கு அறுபது பேர். அவர் கையில் அச்சடித்த சூத்திரத் தாள்கள். முன்னைக்கு இளைத்திருந்தார். கணவருக்கு இப்போது இரண்டு கண்ணும் போய்விட்டதாகச் சொன்னார்.

"அந்தப் பொண்ணப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று நானே தொடங்கினேன்.

"துணிக்கடை வாசல்ல ஒரு தடவை பாத்தேன். அங்கதான் வேலை போல. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தா. என்ன வேணும் மேடம்னு கேட்டா அக்கா." கையிலிருந்த தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டினார். "ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மணி அடித்தது. அவர் உள்ளே போனார். நான் கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன். முன் வரிசையில் ஒரு பெண், கோளத்தின் கொள்ளளவில் மூன்றில் நான்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

"அது பரீட்சைக்கு வராதும்மா. எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டார்கள். என் அக்கா மகள் அந்த வருஷம் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினாள். அக்காவுக்கு அந்த நிலையத்தின் மேல் ரொம்ப மதிப்பு. தெரிந்தவர்கள் எல்லாரிடமும் அதைத்தான் சிபாரிசு செய்கிறாள்.